நாலு பக்கமும் ஒரு மஞ்சள் சீட்டும்

பட்டாணியின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்: கட்டுப் போட்டாயிற்று, வலி இருக்கிறது, விட்டுவிட்டுத் தூங்கினாள்.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்காக நாலு வரி. அக்கா, தங்கை இருவர். பெரியவள் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறவள். அவள் புருஷன் கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலில் குமாஸ்தா. பிள்ளை இல்லை. சின்னவளின் புருஷன் இரும்புக் கேட் செய்கிற பட்டறைக்காரன். பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் வீங்கிய முகத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தாள், மூன்றாம் நாள் அவளாகவே திரும்பிப் போனாள். "இனிமே இந்தப் படி ஏறாதே" என்றாள் பெரியவள். அதற்குப் பிறகு தங்கையிடமிருந்து வந்த இரண்டு கடிதங்களைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டாள். கோபம் வந்தால் அவளுக்குக் கண் தெரியாது.

சின்னவளின் ஒரே மகள்தான் பட்டாணி. ஒன்பது வயது. நேற்று மாலை உடைந்த இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, தன்னந்தனியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்து, மாவுக்கட்டு அறை வாசலில் நின்று "பெரியம்மா" என்றவள். எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே பெரியவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. விழுந்தால் எலும்பு குறுக்கே உடையும். இது திருகாணி மரை மாதிரிச் சுற்றிக்கொண்டு உடைந்திருந்தது. யாரோ பிடித்து முறுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் டாக்டர் தன் சீட்டில் 'கீழே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது' என்றுதான் எழுதினார். டாக்டர்கள் அப்படித்தான்.

பட்டறைக்காரனும் சும்மா இருக்கவில்லை. 'என் மகளைக் கடத்திவிட்டார்கள்' என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். இரண்டு தரப்பும் இன்று பதினொரு மணிக்குச் சிறார் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அதற்குள் பெரியவளின் மனு கோர்ட்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அவன் பேச்சு மட்டும்தான் வழக்கு. பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

அவனுக்கோ பதினொரு மணிவரை பொறுமை இல்லை.

காலை ஆறே கால். குமாஸ்தா சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"சகலை, கதவத் திறங்க. பொண்ணக் கூட்டிட்டுப் போயிடறேன்."

வாசலுக்கு வெளியே பட்டறைக்காரனின் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அவன் குரல் எப்போதும் அப்படித்தான். அடி மட்டும் வேறு மாதிரி விழும்.

பெரியவள் பட்டாணியை எழுப்பினாள். "குளியலறைக்குப் போ. உள்ள தாழ் போட்டுக்க. எங்க குரல் கேட்டாத்தான் திறக்கணும். வேற என்ன சத்தம் கேட்டாலும் திறக்காத."

கதவு செய்கிறவனுக்குக் கதவு எங்கே பலவீனம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமா? பூட்டுப் பக்கமே அவன் போகவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த இரும்புக் கம்பியால் கீல் பக்கம் அடித்தான். மூன்றாவது அடியில் மேல்கீல் பெயர்ந்தது, ஐந்தாவதில் கீழ்க்கீல். கதவு பூட்டோடு அப்படியே உள்பக்கம் சாய்ந்தது.

குமாஸ்தா கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். வாழ்நாளில் யாரையும் அடித்தவர் இல்லை. பத்தொன்பது வருஷமாக ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மனு வாங்கியவருக்கு, எதிரே இருப்பவனின் கை தன்மேல் படும் என்றே தோன்றவில்லை. முதல் குத்தில் மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவதில் முன்பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கீழே விழுந்தவரின் விலாவில் பூட்ஸ் காலால் இரண்டு உதை.

"எங்க அவ?"

"இங்க இல்ல" என்றார் குமாஸ்தா தரையிலிருந்து. பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல்.

பெரியவள் கட்டு வெட்டும் கத்திரியோடு வந்தாள். ஆஸ்பத்திரிக் கத்திரி மொக்கை என்று சொந்தக் காசில் வாங்கி, பையிலேயே வைத்திருப்பாள். அதன் முதுகால் அவன் மணிக்கட்டில் ஒரு இடம் பார்த்துப் போட்டாள். எங்கே தட்டினால் விரல் விரியும் என்று அவளுக்குத் தெரியும். கம்பி கீழே விழுந்தது. அடுத்த நொடி அவன் அவள் தலைமுடியைப் பிடித்து நெற்றியை நிலைக்கட்டையில் மோதினான். ஒருமுறை, இன்னொரு முறை. மூன்றாம் முறைக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. கத்திரியை அவன் தோளில் இறக்கினாள்.

அவன் கத்தவில்லை. ஆச்சரியப்பட்டவன் போலத் தோளைப் பார்த்தான். இவன் அடித்து யாராவது திருப்பி அடித்திருந்தால்தானே.

மாடிப்படியில் ஆட்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவன் கம்பியை எடுத்துக்கொண்டான்.

"பதினொரு மணிக்கு வர்றேன். பெத்தவளே வந்து சொல்லுவா, படியில விழுந்தான்னு. அப்புறம் எவ தடுக்கறான்னு பாக்கறேன்."

அவன் போன பிறகு பெரியவள் ஒரு துணியை நனைத்து நெற்றியில் கட்டிக்கொண்டு நேராக மேசைக்குப் போனாள். காகிதத்தை இழுத்து மனு எழுத ஆரம்பித்தாள். ஒரு சொட்டு ரத்தம் விழுந்து முதல் தாள் வீணானது. இன்னொரு தாளை எடுத்தாள்.

"நீங்க போய் அவளக் கூட்டிட்டு வாங்க. பயந்திருப்பா."

குமாஸ்தா குளியலறைக் கதவில் விரலால் தட்டினார். "பட்டாணி, நான்தான்."

தாழ் விலகியது. பட்டாணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள். அழவில்லை. பாவாடைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே பெரியப்பா? முன்னாடி என் நோட்டு அட்டையில எழுதிக் குடுப்பீங்களே, அதே மாதிரி இருக்கு."

மஞ்சள் சீட்டு. உள்ளங்கை அகலம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கண்ணாடி தேவையில்லை. 'கட்டண ரசீது இணைக்கப்படவில்லை. மனு திருப்பப்படுகிறது.' மேல் ஓரத்தில் இரண்டு பின் குத்திய துளைகள். ஒரு பின் கழன்றாலும் சீட்டு விழுந்துவிடக்கூடாது என்று எப்போதும் இரண்டாகக் குத்துவார். அந்த இடம் கிழிந்து பழுப்பாகக் கறை பிடித்திருந்தது.

இந்த மனிதரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மனுவைக்கூட அவர் படித்ததில்லை. ரசீது, கையொப்பம், நகல், முகவரி. இந்த நாலையும் பார்ப்பார். ரசீது இல்லையென்றால் பதிவேட்டில் பெயரும் வகையும் ஏற்றி, மஞ்சள் சீட்டுக் குத்தி, வந்த முகவரிக்கே தபாலில் அனுப்பிவிடுவார். கை எழுதும், கண் அடுத்த மனுவுக்குப் போய்விடும். "படிச்சா மனசு ஒரு பக்கம் சாயும். மனசு சாஞ்சா வரிசை சாயும்" என்பார். லஞ்சம் வாங்காதவர், சிபாரிசு கேட்காதவர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

"எங்க கிடைச்சது?"

"சமையல்கட்டுல கீழ கிடந்தது. தபால்ல ஒரு கவர் வந்துச்சு. அப்பா பிரிச்சாரு. அப்புறம் அம்மாவ..." பட்டாணி நிறுத்தினாள். "நான் நடுவுல போனேன். அப்பதான் கை."

குமாஸ்தா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா எழுதினத எதுக்குப் பெரியப்பா திருப்பி அனுப்பினீங்க?"

அவர் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார்.

"பெரியம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

சொன்னாரா? சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது சொல்லலாம் என்று நினைத்தார். இறங்கும்போது சொல்லலாம் என்று நினைத்தார். அப்புறம் கோர்ட் வந்துவிட்டது. இப்படியொரு கோழையை வைத்துக்கொண்டு கதை எழுதுகிறேனே என்று எனக்கே ஆத்திரமாக இருக்கிறது.

மனு வாங்கும் ஜன்னலில் அன்று ஜூனியர் இருந்தான். வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆன பையன். எல்லாம் குமாஸ்தா சொல்லிக் கொடுத்த வித்தை. கட்டுப் போட்ட நெற்றியோடு பெரியவளையும், வீங்கிய உதட்டோடு தன் சாரையும், இருவருக்கும் நடுவில் வெள்ளைக் கட்டோடு சிறுமியையும் பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டான்.

"சார், என்ன ஆச்சு?"

"மனுவ வாங்கு தம்பி. மணி பத்தேகால்."

ஜூனியர் வாங்கினான். கையொப்பம் பார்த்தான். நகல் பார்த்தான். முகவரி பார்த்தான். பிறகு தயங்கினான்.

"ரசீது இல்லையே மேடம்."

"பணம் கொண்டு வந்திருக்கேன். எங்க கட்டணும்?"

"கட்டற கவுன்ட்டர் இன்னிக்குப் பதினொண்ணரைக்குத்தான் திறப்பாங்க."

"பதினொண்ணுக்குக் கேஸ். ஒரு முத்திரை வெச்சுக் குடுப்பா. சாயங்காலத்துக்குள்ள கட்டிடறேன்."

ஜூனியரின் பார்வை குமாஸ்தாவிடம் போனது. "ரசீது நம்பர் இல்லாம முத்திரை விழக்கூடாது, பெத்த அம்மா வந்து நின்னாலும் விழக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

பெரியவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, ஊமை மாதிரி நிக்கறீங்களே. பத்தொன்பது வருஷம் குப்பையா கொட்டினீங்க?"

குமாஸ்தா ஜன்னலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். விலாவைப் பிடித்தபடி அலமாரிக்கு முன்னால் நின்றார். சுற்றறிக்கைகள் என்று அவரே பெரிய எழுத்தில் எழுதிய கோப்பு. புதிதாக ஒன்று வந்தால் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டு, துளை போட்டு, இதில் கோத்துவிடுவார். அதையும் படித்ததில்லை. ஆனால் காலையிலிருந்து அவர் மண்டைக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு வக்கீல் எப்போதோ ஜன்னலில் நின்று, குழந்தைங்க மனுவுக்கு இதெல்லாம் இப்ப கிடையாதே என்றார். இவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

"கண்ணு தெரியல தம்பி. சிறார்னு மேல போட்டிருக்கறது எதுன்னு பாரு."

ஜூனியர் தாள்களைத் தள்ளினான். நின்றான். சத்தமாகப் படித்தான்.

"'குழந்தைகள் நலன், பாதுகாப்பு, சிறார் தொடர்பான எந்த மனுவுக்கும் தாக்கல் கட்டணம் இல்லை. ரசீது கேட்டு இத்தகைய மனுவைத் திருப்பக் கூடாது. கிடைத்த அன்றே நீதிபதி முன் வைக்க வேண்டும்.'" பிறகு குரலைத் தாழ்த்தினான். "மூணு மாசம் ஆச்சு சார். ஓரத்துல உங்க ஒப்பம் இருக்கு."

முத்திரை விழுந்தது. மணி பத்து நாற்பது.

"அப்ப இவ்வளவு நாளா பணம் வேணாமா?" என்று பெரியவள் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பட்டாணியை அழைத்துக்கொண்டு மாடி ஏறினாள். அவளுக்கு இருந்த அவசரம் அப்படி.

சிறார் நீதிபதியின் அறையில் கூண்டு கிடையாது. ஒரு நீள மேசை, சுற்றி நாற்காலிகள், மூலையில் வண்ணப் பென்சில் டப்பா. நீதிபதி அம்மா ஐம்பதைத் தாண்டியவர், மேசைமேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆட்களைப் பார்ப்பார்.

பட்டறைக்காரன் சலவைச் சட்டையில் வந்திருந்தான். தோள்காயம் சட்டைக்குள் மறைந்திருந்தது. பக்கத்தில் சின்னவள். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை துணி, முகத்தில் அப்பிய பவுடர். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டது இப்படித்தான். அவன் கை மனைவியின் பிடரியில் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஆறுதலாகத் தாங்கியிருப்பது போலத் தெரியும்.

"பிள்ளைக்கு எப்படிக் கை உடைஞ்சது?" என்று நீதிபதி தாயைக் கேட்டார்.

"படில... விழுந்துட்டா." நாக்கு தடித்திருந்தது. வார்த்தைகள் குழறி வந்தன.

"வீட்டுல யாராவது அடிக்கறாங்களா?"

"இல்லம்மா."

"எலும்பு முறுக்கி உடைஞ்சிருக்கு அம்மா" என்றாள் பெரியவள். "இருபது வருஷமா கட்டுப் போடறேன். விழுந்து உடைஞ்சது இப்படி இருக்காது."

"டாக்டர் அப்படி எழுதலையே."

பட்டறைக்காரன் பணிவாகக் குறுக்கிட்டான். "ரெண்டு வருஷமா இவங்க என் பொண்டாட்டி மூஞ்சியில முழிக்கல. அவ போட்ட கடுதாசியக்கூடக் கிழிச்சுப் போட்டவங்க. இன்னிக்கு என் பிள்ளை மேல திடீர்னு பாசம். பிள்ளை இல்லாதவங்க, கேட்டா குடுத்துட்டுப் போறேன். திருடக் கூடாது இல்லையா?"

"கடிதத்தக் கிழிச்சது உண்மையா?" என்று நீதிபதி கேட்டார்.

பெரியவள் தலைகுனிந்தாள். "உண்மைதான்."

பட்டாணியை அருகில் கூப்பிட்டுக் கேட்டார் நீதிபதி. பட்டாணி தகப்பனின் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை.

நீதிபதி பேனாவை எடுத்தார். "பெத்தவங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. மனுப் போட்டவங்க பகை உள்ளவங்க. காலைல வீடு புகுந்து அடிச்சதா அவங்க சொல்றதுக்கு இன்னும் போலீஸ் விசாரணை இல்ல. என் முன்னாடி இருக்கறத வெச்சுத்தான் நான் எழுத முடியும்."

பேனா தாளைத் தொட்டது. பின்வரிசையில் குமாஸ்தா எழுந்தார். வேலை போகும், பென்ஷன் போகும், அதெல்லாம் அவருக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. முன்வரிசையில் மனைவியின் முதுகு தெரிந்தது. இனி இவள் என் முகத்தைப் பார்ப்பாளா என்பதுதான் கேள்வி.

"அம்மா, நான் கீழ மனு வாங்கற குமாஸ்தா. இவங்க புருஷன்." மூச்சு வாங்கினார். "இன்னொரு மனு இருக்கு. இருந்தது. அது இந்தப் பிள்ளையோட தாயே போட்டது."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"தபால்ல வந்திருக்கு. ரசீது இல்லைன்னு திருப்பி அனுப்பினது நான். வந்த முகவரிக்கே அனுப்பினேன். அத இந்த ஆளு பிரிச்சிருக்காரு. நேத்து நடந்ததெல்லாம் அதனாலதான்." சட்டைப்பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "கட்டணம் கிடையாதுன்னு சுற்றறிக்கை வந்து மூணு மாசம் ஆச்சு. அத நான் படிக்கல. மனுவையும் படிக்கல. பதிவேட்டுல ஏத்தியிருக்கேன், வரவழைச்சுப் பாருங்க."

பெரியவள் மெல்லத் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஜூனியர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தான். முந்தாநாள் தேதி. மனுதாரர் பெயர், சின்னவளுடையது. வகை, குழந்தைப் பாதுகாப்பு. எதிர்த்தரப்பு, கணவர். எல்லாம் குமாஸ்தாவின் அழகான எழுத்தில்.

"பேரக்கூடவா பாக்கல?" என்று கேட்டார் நீதிபதி.

"எழுதினேன். பாக்கலம்மா."

நீதிபதி அம்மா தாயின் பக்கம் திரும்பினார். "அந்த மனு இப்ப எங்க இருக்கு?"

பட்டறைக்காரனின் விரல்கள் பிடரியில் இறுகின. நகம் வெளுத்தது.

"கைய எடுங்க" என்றார் நீதிபதி.

அவன் சிரித்தான். எடுக்கவில்லை.

"எடுங்கன்னு சொன்னேன்."

எடுத்தான். சின்னவள் முதலில் மகளைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் இருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தாள்.

"தின்னுட்டேன்" என்றாள்.

"என்ன?"

"நாலு பக்கம்மா. ஒவ்வொண்ணா வாயில திணிச்சாரு. முழுங்கினப்புறம் அடுத்தது. பின் குத்தியிருந்துச்சு, அதோட." வாயைத் திறந்து நாக்கை நீட்டினாள். நடுவில் நீளமாகக் கறுத்த கிழிசல். "கடைசிப் பக்கத்துக்கு என்னால முடியல. பட்டாணி ஓடி வந்து அவர் கையைப் பிடிச்சா. படில விழல. அவ எங்கயும் விழல."

அவன் அடித்த வேகத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. நாற்காலியைத் தூக்கி அவள் முதுகில் இறக்கினான். அவள் மேசைமேல் விழுந்தாள். தலையைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். பென்சில் டப்பா உருண்டு பென்சில்கள் சிதறின. "தின்னது போதலயாடி" என்றான், அப்போதும் குரலை உயர்த்தாமல். காவலர் ஒருவர் பாய்ந்தார், முழங்கையால் அவர் தாடையில் கொடுத்தான். இரண்டாவது காவலர் தடியால் முழங்காலுக்குப் பின்னால் அடித்தார். அவன் ஒரு காலில் மண்டியிட்டான். மனைவியின் முடியை மட்டும் விடவில்லை.

பெரியவள் அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் ஒரு கை, முழங்கையில் ஒரு கை. எக்ஸ்ரேயில் பார்த்த அதே இடம். எவ்வளவு திருகினால் எலும்பு தாங்கும், அதற்குமேல் ஒரு நூல் திருகினால் என்ன ஆகும் என்று அவளுக்கு அத்துப்படி. திருகினாள். முடியை விட்டான். விட்ட பிறகும் திருகினாள். முதல்முறையாக அவன் அலறினான்.

"பெரியம்மா, வேணாம்." பட்டாணி சுவரோடு ஒட்டி நின்றாள். "அந்தச் சத்தம் வேணாம் பெரியம்மா."

பெரியவளின் கை நின்றது. காவலர்கள் அவனைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டினார்கள்.

நீதிபதி அம்மா அரைப்பக்கம் எழுதினார். பிள்ளை பெரியம்மாவின் பொறுப்பில். தாய் ஆஸ்பத்திரிக்கு. தகப்பன் காவலில். எழுதி முடித்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"சுற்றறிக்கை வந்த நாள்லேர்ந்து நீங்க திருப்பி அனுப்பின குழந்தை மனு எத்தனை? பேர், முகவரி, அனுப்பின தேதி. அஞ்சு மணிக்குள்ள என் மேசையில இருக்கணும். உங்க வேலையப் பத்தி அப்புறம் பேசலாம்."

தாழ்வாரத்து பெஞ்சில் சின்னவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. அக்காவின் மடியில் தலை. அக்கா தன் நெற்றிக்கட்டை அவிழ்த்துத் தங்கையின் மண்டைக் காயத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். குமாஸ்தா நாலடி தள்ளியே நின்றுவிட்டார்.

"அத்தான்" என்றாள் சின்னவள். அவர் குனிந்தார். "அக்காவுக்குப் போட்டா கிழிச்சிடறா. கோர்ட்டுக்குப் போட்டா உங்க கைக்குத்தானே வரும்னு போட்டேன். முதல் பக்கத்துல மேலயே பென்சில்ல எழுதியிருந்தேனே. 'அத்தான், நான்தான்'னு."

குமாஸ்தா அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதார். பெரியவள் அவரை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியில் தயங்கியது. பிரிக்காமல் கிழித்த இரண்டு கடிதங்கள் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையை இறக்கித் தங்கையின் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் துணைக்கு ஒரு ஆளுக்குத்தான் இடம்.

"பட்டாணி உங்களோட இருக்கட்டும். வேற வழி இல்ல" என்றாள் புருஷனிடம், அவர் முகத்தைப் பார்க்காமல். "சாயங்காலம் வந்து கூட்டிக்கறேன். வீட்டுக்கு நீங்களும் வரணுமான்னு பட்டாணிதான் சொல்லணும்."

பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் அறையில் குமாஸ்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதில் பட்டாணியை உட்கார வைத்திருந்தான் ஜூனியர். மேசைமேல் திருப்பி அனுப்பிய மனுக்களின் பதிவேடு. எழுத்துகள் அவருக்குப் புகையாகத் தெரிந்தன. ஜூனியரோ ஜன்னலில் வரிசையைச் சமாளித்துக்கொண்டிருந்தான்.

"நான் படிக்கறேன், நீங்க எழுதுங்க" என்றாள் பட்டாணி.

அவர் அவளைப் பார்த்தார். "எம்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு" என்றாள். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

குழந்தை என்று தொடங்குகிற வகைக்கெல்லாம் அவள் விரல் நின்றது. பெயர், தெரு, கதவு எண். அவர் தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொன்றும் ஒரு கவர். ஒவ்வொரு கவரும் யாரைப் பற்றிப் புகாரோ, அவன் இருக்கிற வீட்டுக்கே போயிருக்கிறது. வாசலில் வாங்கியவர் யார் என்று நினைக்கும்போதெல்லாம் அவர் பேனா நின்றது. பட்டாணி காத்திருந்து அடுத்ததைப் படித்தாள்.

பன்னிரண்டாவதில் அவளே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"இந்த வீடு எனக்குத் தெரியும் பெரியப்பா. கேட்டுல மீன் படம் இருக்கும். எங்கப்பா செஞ்ச கேட்டு."

"யாரு வீடு?"

"வகுப்புல என் பக்கத்துல உக்காருவா. அவ ஸ்கூலுக்கு வந்து ஒன்பது நாளாச்சு. டீச்சர்கிட்ட ஊருக்குப் போயிருக்கறதா சொன்னாங்களாம்."

குமாஸ்தா பதிவேட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அனுப்பிய தேதியின் மேல் கண்ணை வைத்தார். பத்து நாள் ஆகியிருந்தது. உள்ளூர்த் தபால் போய்ச் சேர ஒரு நாள் ஆகும்.